முதல் அழைப்பிலேயே எழுந்தவர்

மனித உடம்பில் காது கிடையாது என்பதை முதலில் கண்டுபிடித்தது ஆலைத் தொழிலாளர் ஆரோக்கியக் காப்புக் கழகம்தான். கழகம் தொடங்கிய நாளில் அச்சடித்த நோய்ப் பட்டியலில் வயிறு இருந்தது, நெஞ்சு இருந்தது, முழங்கால் இரண்டும் தனித்தனி எண்களில் இருந்தன. காது மட்டும் இல்லை. தறிக்காரர்கள் ஒன்பது வருஷம் மனுப் போட்டார்கள். கடைசியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழாம் வருஷம் காது பட்டியலில் சேர்க்கப்பட்டது. கூடவே, ஒரு தொழிலாளிக்குக் காது கேட்கவில்லை என்று முடிவு செய்வதற்கு இருபத்து மூன்று பக்கத்தில் ஒரு விதி நூலும் வந்தது. அந்த நூலை முழுக்கப் படித்தவர்கள் கழகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் அதை எழுதியவர். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இன்னொருவர் திருப்பூர் வட்டார அதிகாரி குமாரவேல்.

சாமியப்பனுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. அவிநாசிபாளையம் போகிற சாலையில் இருந்த ஒரு நெசவு மில்லில் பதினொரு வருஷமாக அவனுக்கு இரண்டு விசைத்தறி. பக்கத்து இரண்டு தறிகள் நல்லானுடையவை. நல்லான் அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சொந்தமில்லை, ஒரே ஊரும் இல்லை. ஆனாலும் அண்ணா என்றுதான் கூப்பிடுவான்.

நூற்றிருபது தறிகள் ஒரே கூரையின் கீழ் ஓடுகிற இடத்தில் வாயால் பேசுவது வெட்டி வேலை. அங்கே எல்லாம் கைதான். கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. நெற்றியில் மூன்று விரலை இழுத்தால் மேஸ்திரி வருகிறார். அவர் பட்டை பட்டையாக விபூதி பூசுகிறவர். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் மேஸ்திரி நஞ்சப்பன் வாசலில் நின்று கத்துவார். வாசலோரத் தறிக்காரன் காதில் அது விழும். அவன் அடுத்தவன் தோளைத் தட்டி, இன்னார் என்று கை காட்டுவான். அடுத்தவன் அதற்கடுத்தவனைத் தட்டுவான். இப்படித் தட்டு கைமாறிக் கைமாறி உரிய ஆளின் தோளுக்குப் போய்ச் சேரும். வந்த தட்டைத் தன்னோடு நிறுத்திக்கொள்வதைப் போல ஒரு மரியாதைக்குறைவு அந்த மில்லில் கிடையாது. ஒருமுறை அப்படி நிறுத்திக்கொண்ட ஒருவனோடு ஒரு வாரம் யாரும் பேசவில்லை. அதாவது, யாரும் கையை ஆட்டவில்லை.

அதனால் நல்லானுக்குக் காது எப்போது போயிற்று என்று தறிக்கூடத்தில் யாருக்கும் தெரியவில்லை. வெளியே டீக்கடையில்தான் தெரிந்தது. "என்னது?" என்பார். சாமியப்பன் திருப்பிச் சொல்லுவான். "என்னது?" என்பார் மறுபடியும். முதல் வருஷம் சாமியப்பன் மூன்று தடவை சொன்னான். இரண்டாவது வருஷம் இரண்டு தடவை. மூன்றாவது வருஷம் ஒரு சௌகரியமான வழியைக் கண்டுபிடித்தான். "ஒண்ணுமில்லீங்ண்ணா, உடுங்க." உடனே நல்லான் ஏதோ புரிந்ததுபோலச் சிரித்துத் தலையாட்டிவிடுவார். இப்படி ஒரு நாளைக்குப் பத்து ஒண்ணுமில்லையாவது அவருக்குக் கிடைத்தது. பிறகு அவர் டீக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பாய்லர் சுவர் ஓரமாகத் தூக்குப்போசியைத் திறந்துவைத்துத் தனியாகச் சாப்பிட்டார். சாமியப்பனுக்கு அது தெரியும். தெரிந்தும், அப்பாடா என்றுதான் இருந்தது. பின்னாளில் அவனை ரொம்ப நாள் உறுத்தியவற்றில் அந்த அப்பாடாவும் ஒன்று.

காது பட்டியலில் ஏறிய அந்த வருஷம் ஆடியில் நல்லானின் தறியிலிருந்து, ஊடு நூலைக் கொண்டோடுகிற நாடாக் கட்டை தெறித்து, அதன் இரும்பு முனை இடது காலில் பட்டது. சின்னக் காயம். எட்டு நாளில் ஆறவேண்டியது, இருபது நாளாகியும் ஆறவில்லை. தாகம் தாகமென்று குடத்துத் தண்ணீரைக் குடித்தார். இரண்டு தடவை தலைசுற்றி, தறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் மனைவி பழனாத்தாள் பனியன் கம்பெனி ஒன்றில் வெட்டுத் துணி பிரிக்கிற வேலைக்குப் போகிறவள். அவள் சாமியப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, அவர ஒருக்கா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க சாமி. நான் சொல்றது அவருக்குக் கேக்கறதுமில்ல, கேட்டாலும் காதுல போட்டுக்கறதுமில்ல. நீங்க சொன்னா வருவாரு."

மறுநாள் காலை கழகத்து மருந்தகத்தில் டாக்டர் சாரதாமணி நல்லானின் காலைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டினார். நல்லான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷமா இவருக்குக் காது கேக்கறதில்லை?"

"மூணு வருசமிருக்குமுங்க. ஆனா இப்ப வந்தது காலுக்குங்க."

"காதும் காலும் ஒரே ஆளோடதுதானேங்க?"

சாமியப்பனுக்கு இது புதுத் தகவலாக இருந்தது.

"தறிச் சத்தம் பாதி கெடுத்திருக்கும்," என்றார் டாக்டரம்மா. "மீதி ரத்தத்துல இருக்கும்னு நினைக்கறேன். சர்க்கரை வியாதியா இருக்கலாம். அது காதுக்குப் போற சின்ன ரத்தக் குழாயையும் விடாது, கால் விரலையும் விடாது. போதாததுக்கு, காது கேக்காதவங்க மெதுவாப் பேச்சை நிறுத்திக்குவாங்க. பேச்சு நின்னா சாப்பாடு, தூக்கம், மனசு எல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு கெடும். காது போகும்போதே உடம்பு முழுசையும் பாத்திருக்கணும். மூணு வருஷமாக் கூட இருந்தவங்க ஒருத்தருக்குமா தோணலை?"

சாமியப்பன் மருந்து அலமாரியைப் பார்த்தான்.

அந்த மருந்தகத்தில் சிறுநீரைச் சோதிக்கிற மருந்து தீர்ந்து பதினான்கு மாசம் ஆகியிருந்தது. கேட்டு எழுதியதற்கு, சர்க்கரை நோயாளி இருப்பதைச் சோதித்து உறுதிசெய்து தெரிவித்தால் சோதனை மருந்து அனுப்பப்படும் என்று கழகம் பதில் எழுதியிருந்தது. தாகமும் தலைசுற்றலும் பட்டியலில் இல்லை. கால் புண்ணுக்கு மஞ்சள் மருந்து உண்டு, அவ்வளவுதான். கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு நாமாகவே போய்விடலாம்தான். ஆனால் கழகத்துச் சீட்டு இல்லாமல் மூன்று நாள் மில்லுக்கு மட்டம் போட்டால், நாலாம் நாள் அந்தத் தறியில் வேறு ஆள் நிற்பான்.

"ஒரே வழிதான் இருக்கு," என்றார் டாக்டரம்மா. "காது இப்ப பட்டியல்ல இருக்கு. காது கேக்கலைன்னு வட்டார அலுவலகத்துல ஒத்துக்கிட்டா, கோயமுத்தூர்ல பதினஞ்சு நாள் படுக்கை, சம்பளத்தோட லீவு. அங்க போய்ப் படுத்துட்டா ரத்தம், நெஞ்சு, கால் எல்லாத்தையும் அவங்களே பாத்துருவாங்க. காதுக்கும் உடம்புக்கும் தொடர்பு இருக்குன்னு நானும் விவரமா ஒரு கடிதாசு எழுதித் தர்றேன். சோதனை சுலபம். கூடத்துல உக்காரச் சொல்லுவாங்க. உள்ளே இருந்து மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. எந்திரிக்கலைன்னா காது கேக்கலைன்னு அர்த்தம். நீங்க கூடப் போங்க. ஆனா அவரைத் தொடாதீங்க. உங்களுக்கு அது ஒண்ணுதான் வேலை. அவருக்கும் விஷயத்தைப் பொறுமையா விளக்கிச் சொல்லிருங்க."

"சும்மா உக்கார்றதுதானுங்களே டாக்டரம்மா. அது ஒரு வேலைங்களா?" என்றான் சாமியப்பன்.

வட்டார அலுவலகத்துக்கு நடந்துபோகும்போது நல்லான் கேட்டார். "எங்க கண்ணு போறோம்?"

சாமியப்பன் சொன்னான். "என்னது?" என்றார் நல்லான். கையால் சொல்லிப் பார்த்தான். தறிக்கூடத்துக் கைப்பாஷையில் கழகம் என்பதற்குக் கை இல்லை. விதி என்பதற்கும் இல்லை. கூப்பிட்டால் எழக்கூடாது என்பதற்கு அறவே இல்லை. அப்படி ஒரு தேவை அங்கே வந்ததே கிடையாது. உட்காருகிற மாதிரி காட்டினான். நல்லான் ரோட்டோரமாக உட்காரப் போனார். வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. நாலாவது "என்னது"க்கு அவன் வாயிலிருந்து தானாக வந்தது:

"ஒண்ணுமில்லீங்ண்ணா, உடுங்க. சும்மா போயிட்டு வந்தரலாம்."

நல்லான் சிரித்துத் தலையாட்டினார்.

அலுவலகக் கூடத்தில் இரண்டு பெஞ்சுகள் நிறையக் காது கேளாதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒரு பலகை: 'அமைதி காக்கவும். தங்கள் பெயர் அழைக்கப்படுவதைக் கவனமாகக் கேட்கவும். கேளாதவர்களுக்குக் கழகம் பொறுப்பல்ல.' உள்ளறையில் இருந்து குமாஸ்தா கிட்டுசாமி பெயர் கூப்பிடுவார். குமாரவேல் சன்னல் வழியாகக் கூடத்தைப் பார்த்து, எழுந்தார், எழவில்லை என்று குறிப்பார்.

குன்னத்தூர்க்காரர் ஒருவர் மூன்று அழைப்புக்கும் அசையவில்லை. எழவில்லை என்று எழுதப்போகும்போது அவர் தூங்குகிறார் என்று தெரிந்தது. தூங்குகிறவர்களுக்கு விதி நூலில் இடமில்லாததால் 'அலட்சியம்' என்று எழுதி அனுப்பிவைத்தார்கள். மூலனூர்க்காரர் ஒருவர் இரண்டாவது அழைப்பின்போது வெற்றிலை எச்சில் துப்ப எழுந்தார். 'சற்றே தாமதித்தாலும் கேட்கிறது' என்று அவருக்குச் சான்று கிடைத்தது. துப்பிவிட்டு வந்த மனுஷன், தன் பேரை இன்னும் கூப்பிடவில்லையே என்று சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்.

"நல்லான்!"

முதல் அழைப்பு. நல்லான் தன் கால் கட்டைப் பார்த்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருந்தார். எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. சாமியப்பனும் அப்படித்தான் நினைத்தான். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் வலது கை எழுந்துபோய் நல்லானின் தோளைத் தட்டியது.

பதினொரு வருஷப் பழக்கம் அது. பேர் காதில் விழுந்தால் கை போய்விடும். புத்தி பின்னாலேதான் வரும். நல்லான் திரும்பிப் பார்த்தார். சாமியப்பனின் விரல் வாசலைக் காட்டிக்கொண்டிருந்தது. யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்த சந்தோஷத்தில் நல்லான் கால்வலியையும் பாராமல் விருட்டென்று எழுந்தார்.

சாமியப்பனுக்கு அந்தக் கையை அப்படியே வெட்டிப் போட்டுவிடலாமா என்று இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. கூட்டுச் சேர்ந்து ஏமாற்ற வந்ததாகச் சொல்லி அவனையும் மாட்டிவிட்டால்? சுவரில் வேறு அமைதி காக்கச் சொல்லியிருந்தது.

குமாரவேல் வெளியே வந்து நல்லானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"முதல் அழைப்பிலேயே எழுந்த முதல் மனிதர் நீர்தான்! இந்த அலுவலகமே பெருமைப்படுகிறது. இதோ பாரும், டாக்டரம்மா எழுதியிருக்கிறார்: காதின் நிலைக்கும் உடம்பின் பொதுவான ஆரோக்கியத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அருமையான கருத்து. கழகம் இதை முழுமனதோடு ஏற்கிறது. உமது காது நன்றாக இருக்கிறது. ஆகவே உமது உடம்பும் நன்றாக இருக்கிறது. தாகம், தலைசுற்றல், கால்புண் ஆகிய யாவும் இன்று காலை பதினொன்றேகால் மணியோடு நீங்கின."

நல்லானுக்கு ஒரு பச்சை அட்டை கொடுத்தார்கள். 'பூரண ஆரோக்கியம். முதல் அழைப்பிலேயே எழுந்தார்.' அந்த அட்டை வைத்திருப்பவருக்கு ஒரு வருஷத்துக்கு மருந்தகத்தில் எந்த மருந்தும் தரக்கூடாது. நோயில்லாதவனுக்கு மருந்து கொடுப்பது கழகத்தின் பணத்தை விரயம் செய்வதாகும்.

"என்ன கண்ணு சொன்னாரு?" என்று வழியில் நல்லான் கேட்டார்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சாமியப்பன் சொன்னான், "ஒண்ணுமில்லீங்ண்ணா."

இப்படிப் பதினேழு நாள் போயிற்று. பச்சை அட்டையின் சேதி மட்டும் சும்மா இருக்கவில்லை. மேஸ்திரி நஞ்சப்பன், இத்தனை நாள் இவன் கேட்டும் கேட்காதவன் போல நடித்திருக்கிறான் என்று முடிவுகட்டி, தறிக்கூடத்துக்கு வெளியே கூப்பிட்டு வராததற்கெல்லாம் வேலைநீக்க எச்சரிக்கை எழுதினார். டாக்டரம்மா தன் கைக்காசில் கட்டுத்துணி வாங்கிக் கொடுத்ததற்கு, ஆரோக்கியமான ஆளுக்கு வைத்தியம் பார்த்தது ஏன் என்று அவருக்கு விளக்கக் கடிதம் வந்தது. இவ்வளவையும் சாமியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். பதினேழாம் நாள் பழனாத்தாள் வந்தாள்.

"தம்பி, ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லுவீங்களா? ஊட்டுல நான் தொண்டத்தண்ணி வத்தக் கூப்புடறேன், திரும்பறதில்ல. ஆபீசுல மட்டும் ஒருக்காக் கூப்புட்டதுக்கே எந்திரிச்சுட்டாராமா. அப்ப எங்குரலு மட்டுந்தான் அவருக்கு ஆகலீங்களா? இருபத்தஞ்சு வருசம் குடும்பம் பண்ணிட்டு எம்மேல அப்படி என்னங்க வெறுப்பு? நானும் பேச்ச நிறுத்திப்போட்டேன் தம்பி. சோத்த வெச்சுட்டு அக்கட்டப் போயிக்கறேன்."

அவள் போன பிறகு சாமியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதரோடு பேச உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆளையும் தன் கை தட்டிப் பறித்துவிட்டது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலை நேராக வட்டார அலுவலகத்துக்குப் போனான்.

"அய்யா, அன்னைக்கு நல்லாண்ணனுக்குக் காது கேக்கலீங்க. நாந்தானுங்க தோளத் தட்டுனேன். தப்பு என்னுதுங்க. எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க, அவர ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருங்க."

குமாரவேல் கோப்பைப் புரட்டினார். "தோள் என்று இதில் எங்கும் இல்லையே. காது விதியில் தோள் வராது. கிட்டுசாமி, தோள் யாரிடம் இருக்கிறது?"

"தோளு ஈரோட்டு ஆபீசுல இருக்குதுங்கய்யா."

"பார்த்தாயா? நீ சொல்வது உண்மையாகவே இருந்தாலும் அது ஈரோட்டில்தான் உண்மை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பா சாமியப்பா, கழகம் தவறே செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். செய்த தவறைத் திருத்தாது, அவ்வளவுதான். திருத்தினால் முன்பு செய்தது தவறு என்று ஆகிவிடும். தவறு செய்கிற கழகத்தை நம்பி எந்தத் தொழிலாளி தன் உடம்பை ஒப்படைப்பான்? ஆகவே நல்லானைப் போன்ற ஏழைத் தொழிலாளியின் நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் நல்லானை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் இருக்கிறோம். இருந்தாலும் நீ நேரில் வந்து சொல்லிவிட்டாய். விசாரித்துத்தான் ஆகவேண்டும். விசாரிக்கப்படுகிறவனுக்குக் காது கேட்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். விதி பதினான்கு. கிட்டுசாமி, கூப்பிடும்."

"சாமியப்பன்!" என்றார் கிட்டுசாமி, இரண்டு அடி தூரத்தில் இருந்து.

"இங்கதானுங்க இருக்கறேன்."

குமாரவேல் விதி நூலைப் பார்த்தார். "பதில் சொல்வதைப் பற்றி இதில் இல்லை. எழுந்தாரா?"

"எழலீங்கய்யா."

"நிக்கறனுங்களே அய்யா! நிக்கறவன் எப்படீங்க எந்திரிப்பான்?"

"சாமியப்பன்!" இரண்டாவது அழைப்பு. "எழலீங்கய்யா."

சாமியப்பனுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. மூன்றாவது அழைப்பு வந்ததும், எழுந்து காட்டுவதற்காகத் தரையில் உட்கார்ந்தான். அவன் எழுவதற்குள் குமாரவேலின் பேனா ஓடிவிட்டது: 'மூன்றாவது அழைப்பில் அமர்ந்தார்.'

"என் சர்வீஸில், கூப்பிட்டதும் உட்கார்ந்த ஆளை நான் பார்த்ததே இல்லை," என்றார் குமாரவேல் நெகிழ்ந்துபோய். "முற்றிய நிலை. பாவம், எத்தனை வருஷமாகச் சொல்லாமல் இருந்தாயோ!"

இப்படியாக, இந்த வட்டாரத்தில் காது கேளாதவர் என்று கழகம் ஒப்புக்கொண்ட முதல் தொழிலாளி ஆனான் சாமியப்பன். பதினைந்து நாள் கோயமுத்தூர்ப் படுக்கையும், காதில் மாட்டுகிற கருவி ஒன்றும் அவன் பேருக்கு உத்தரவாயின. ஆனால் அவற்றைக் கையில் கொடுப்பது ஆரோக்கிய வாரத்தில், மேடையில்தான். அதற்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

டாக்டரம்மாவிடம் போய் அழாக்குறையாகச் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் அவனைத் திட்டினார். அவன் அதற்குத்தான் போயிருந்தான். திட்டி முடித்துவிட்டு, "ஒரு படுக்கை கிடைச்சிருக்கு," என்றார். "யார் பேர்ல கிடைச்சுதுன்னு கழகம் பாக்கட்டும். அதுல யார் வந்து படுக்கறாங்கன்னு கோயமுத்தூர்ல ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. உத்தரவு கைக்கு வந்த மறுநாளே போயிருங்க. விரல் கறுக்குது."

ஆரோக்கிய வாரம் மில் முற்றத்தில் பந்தல் போட்டு நடந்தது. இரண்டு வேப்பமரங்களிலும் குழாய் கட்டிப் பாட்டு அலறியது. காது கேட்கிறவர்களுக்கெல்லாம் காது வலித்தது. முதல் வரிசையில் பூரண ஆரோக்கியத் தொழிலாளியாக நல்லானை உட்காரவைத்து மாலை போட்டிருந்தார்கள். அவர் இடது காலில் செருப்பு நுழையாமல் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் சாமியப்பன்.

"தொழிலாளத் தோழர்களே!" என்றார் குமாரவேல் மைக்கில். "நோய் என்பது என்ன? கழகம் எழுதிக்கொள்வதுதான் நோய். எழுதாத நோயால் யாரும் வாடியதாக எங்களிடம் ஒரு பதிவும் இல்லை! சென்ற ஆண்டு இவ்வட்டாரத்தில் காது கேளாதோர் எத்தனை பேர்? பூஜ்யம். இவ்வாண்டு? ஒருவர். ஒரே ஆண்டில் எவ்வளவு முன்னேற்றம்! அந்த ஒருவரை மேடைக்கு அழைக்கிறேன். சாமியப்பன்!"

சாமியப்பன் எழவில்லை. வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. கால் வரவில்லை. பக்கத்தில் இருக்கிற மனுஷனுக்குச் சேரவேண்டியதை அந்த மனுஷன் கண் முன்னாலேயே போய் எப்படி வாங்குவது?

"சாமியப்பன்!" என்று குழாய் மறுபடியும் அலறியது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டார்கள். "பாருங்கள் தோழர்களே! இரண்டு ஒலிபெருக்கி வைத்தும் கேட்கவில்லை! கழகத்தின் சோதனை எவ்வளவு துல்லியம்!" கூட்டம் கை தட்டியது.

நல்லான் சுற்றிலும் பார்த்தார். எல்லாருடைய கண்ணும் சாமியப்பன் மேல் இருந்தது. மேடையில் அதிகாரி கையை நீட்டிக்கொண்டிருந்தார். கூப்பிடுகிறார்கள், இந்தப் பையன் கவனிக்கவில்லை என்று அவருக்குப் புரிந்தது. வந்த தட்டை அவர் என்றைக்குமே தன்னோடு நிறுத்திக்கொண்டவர் இல்லை. சாமியப்பனின் தோளைத் தட்டி, மேடையைக் காட்டினார்.

"உன்னத்தான் கண்ணு கூப்புடறாங்க. எந்திரி."

சாமியப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுந்தான். மேடைக்குப் போகாமல் நல்லான் பக்கம் திரும்பி நின்று, கையாலேயே எல்லாவற்றையும் சொன்னான். உங்கள் காது. உங்கள் கால். பெஞ்சு. கூப்பிட்டது. நான் தட்டியது. தட்டக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னது. நீங்கள் எழுந்தது. என்னால், என்னால் என்று நெஞ்சில் அடித்துக் காட்டினான். கழகத்துக்கும் விதிக்கும் அப்போதும் கை கிடைக்கவில்லை. இரண்டு கையையும் விரித்து அந்த மேடையைக் காட்டினான். அது போதுமானதாக இருந்தது.

நல்லான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காது கேளாதவர்கள் பேசுகிற பெரிய குரலில் சொன்னார்:

"அதுக்கு ஏங் கண்ணு அழுவறே? நீ தட்டுனே, எந்திரிச்சேன். இப்பெல்லாம் வேற ஆரு என்னத் தட்டறாங்க?"

குழாய்ச் சத்தத்தையும் மீறிப் பந்தல் முழுக்க அது கேட்டது. நன்றியுரை என்று நினைத்து மேடையில் எல்லாரும் கை தட்டினார்கள். திட்டியிருந்தால் சாமியப்பனால் தாங்கியிருக்க முடியும்.

சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியும் உத்தரவுத் தாளும் கொடுத்தார்கள். கருவிக்கு பேட்டரி அடுத்த நிதியாண்டில் வரும் என்றார்கள்.

மறுநாள் மில்லுக்கு மின்வெட்டு விடுமுறை. அன்று காலையில் சாமியப்பன் முதலில் பழனாத்தாளிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவள் உள்ளே போய்ப் புருஷனின் எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு அழுதாள். பிறகு சாமியப்பன் அவரை பஸ்ஸில் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனான். வழியெல்லாம், இந்தத் தடவை ஒன்றும் விடாமல், ஐந்து தடவை ஆறு தடவை என்றாலும் சொன்னான். அங்கே உங்க பேரு சாமியப்பன். எம்பேரு நல்லான். பஸ்ஸே அதைத் தெரிந்துகொண்டது.

பெரிய ஆஸ்பத்திரியின் கூடத்தில் நர்ஸ் வந்து நின்று கூப்பிட்டாள். "சாமியப்பன்!"

தன் பேர் காதில் விழுந்ததும் அவன் கால் எழப் பார்த்தது. பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு பக்கத்தில் இருந்த தோளை மெதுவாகத் தட்டினான்.

சர்க்கரை முற்றிப்போயிருந்தது. காதுக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். இடது காலில் இரண்டு விரலை எடுக்கவேண்டியிருந்தது. "ஒரு மாசம் முன்னாலயே கூட்டிட்டு வந்திருந்தா விரல் தப்பிச்சிருக்கும். என்ன பண்ணிட்டிருந்தீங்க நல்லான்?" என்று சாமியப்பனைப் பார்த்துக் கேட்டார். கழகத்தின் இருபத்திரண்டு நாள் அவன் நினைவுக்கே வரவில்லை. தான் வாயை மூடிக்கொண்டிருந்த பதினேழு நாள்தான் வந்தது.

பதினைந்து நாளும் அவன் நல்லானின் வருகை டோக்கனைப் போட்டுக்கொண்டு நல்லானின் தறிகளை ஓட்டினான். அவனுடைய தறிகளுக்கு மாற்று ஆள் வந்தான். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பந்தலில் அந்தக் கைப்பேச்சைப் பார்த்திருந்த மேஸ்திரிகூட நெற்றியைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நல்லான் ஊசி போட்டுக்கொண்டு, கொஞ்சம் சதை பிடித்து, ஒரு கோலை ஊன்றியபடி திரும்பி வந்தார். காது வரவில்லை. ஆனால் டீக்கடைக்கு வந்தார். "என்னது?" என்பார். சாமியப்பன் சொல்லுவான். "என்னது?" என்பார். சொல்லுவான்.

கழகத்தின் பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அதன்படி நல்லான் பூரண ஆரோக்கியமாக, பத்து விரல்களோடு நடமாடுகிறார். இடது காலில் இரண்டு விரல் இல்லாதவன் சாமியப்பன்தான். சாயங்காலம் வேலை முடிந்து வந்து காலைக் கழுவும்போது சாமியப்பன் குனிந்து எண்ணிப் பார்ப்பான். பத்தும் இருக்கும். மறுபடியும் எண்ணுவான். அதில் இரண்டை இன்னொருவரிடம் இருந்து எடுத்துவந்து வைத்திருப்பதாகவே அவனுக்குத் தோன்றும்.